கேட்டைத் தாண்டாத கார்

கொழுஞ்சிப்பாளையத்தில் மழைக்குப் பஞ்சம் வந்திருக்கிறது, தண்ணீருக்குப் பஞ்சம் வந்திருக்கிறது. யோசனைக்கு மட்டும் ஒரு நாளும் பஞ்சம் வந்ததில்லை. யாருக்காவது ஒரு சின்னக் கஷ்டம் என்றால் போதும், நாலு பேர் கூடி யோசித்து அதைப் பெரிய கஷ்டமாக ஆக்கிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்து போவார்கள். அதற்குக் கூலி எதுவும் கேட்பதில்லை. அவ்வளவு நல்ல மனசு.

அந்த நாலு பேரில் ஒருவர் அர்த்தநாரி. மற்ற மூவரும் அவருடைய பங்காளிகள். மூத்தவர் மாரப்பன். எதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், அதனால் ஆழ்ந்த அறிவாளி என்று பேர். அடுத்தவர் தெய்வசிகாமணி. ஒரு வரப்புத் தகராறில் சாட்சி சொல்லக் கோர்ட்டுப் படி ஏறியவர். அன்றிலிருந்து ஊரில் சட்டம் அவர் பொறுப்பு. இளையவர் செல்லமுத்து. யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் சரி என்பது அவருடைய கட்சி. நாலு பேரும் கூட்டாகப் பக்கத்து டவுனில் ஒரு கயிற்றுக் கடை வைத்திருந்தார்கள். தினமும் கடைக்குப் போவதும் வருவதும் அர்த்தநாரியின் காரில்தான்.

கார் பழசு. அர்த்தநாரி வாங்கும்போதே இன்னொருவர் ஓட்டி அலுத்துப்போன வண்டி. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்ததாகக் கேள்வி. பின்கதவுகளில் ஒன்று வெளியேயிருந்து மட்டும் திறக்கும், மற்றது உள்ளேயிருந்து மட்டும் திறக்கும். அதனால் செல்லமுத்து ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் இறங்குவார். மழைத் தண்ணீரைத் துடைக்கிற வைப்பர் நல்ல வெயிலில் பிரமாதமாக வேலை செய்யும். இத்தனை இருந்தும் பட்டறை யூசுப் பாயின் கைராசியில் அது நாள் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. வம்பு வந்தது பாயின் கையால் அல்ல, வாயால்.

"காலையில கொஞ்சம் சூடு பண்ணிட்டு எடுங்க," என்றார் பாய் ஒரு நாள். "ஓடும்போது சூடேற விடாதீங்க. ஏதாச்சும் சத்தம் கேட்டா உடனே நிறுத்திருங்க. இந்த மூணையும் கடைப்பிடிச்சா வண்டி இன்னும் ரொம்ப நாளைக்கு ஓடும்."

மறுநாள் காலையில் காப்பி போடப் போன பாவாயி குமுட்டி அடுப்பைக் காணாமல் தேடினாள். பாவாயி அர்த்தநாரியின் மனைவி. அடுப்பு கணகணவென்று தணலோடு காரின் பானெட் மேல் இருந்தது. நாலு பேரும் சுற்றி நின்று விசிறிக்கொண்டிருந்தார்கள். கார் போதுமான அளவு சூடானதும் அடுப்பை இறக்கிவிட்டு, சூடேறக் கூடாது என்பதற்காக அதே பானெட்டில் ஈரச் சாக்கைப் போட்டு மூடினார்கள். செல்லமுத்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வழியெல்லாம் சொம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தார்.

"தண்ணியைவிட மோர் குளுமையில்ல?" என்றார் மாரப்பன் கண்ணை மூடியபடி.

"ஆமாங்ணா, மோர்தான் சரி," என்றார் செல்லமுத்து. அதற்கப்புறம் அந்தக் கார் எங்கே நின்றாலும் பூனைகள் கூடின.

மூன்றாவது யோசனைதான் ஆளைக் கவிழ்த்தது. வண்டியின் சொந்தச் சத்தம் எல்லோருக்கும் பழகிப்போனது, அதை யாரும் ஒரு சத்தமாக நினைப்பதில்லை. ஆனால் சேவல் கூவினால் நிறுத்தினார்கள். ஐஸ்காரன் மணியடித்தால் நிறுத்தினார்கள். கோயில் ஒலிபெருக்கி கேட்கிற எல்லையில் நிறுத்தி, பாட்டு முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கயிற்றுக் கடை மத்தியானத்துக்கு மேல் திறக்க ஆரம்பித்தது. கயிறு வாங்க வந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு, கட்ட வேண்டியதைக் கட்டாமலே விட்டுவிட்டார்கள்.

இதெல்லாம் பாவாயி பொறுத்துக்கொண்டாள். அப்போது அவளுடைய அண்ணன், அவள் பிறந்த ஊரில் புதுவீடு கட்டி முடித்துப் பால் காய்ச்ச நாள் குறித்தான். கூடப்பிறந்தவள் கையால்தான் பால் காய்ச்ச வேண்டும். பாவாயி விடியும் முன்பே குளித்து, பட்டுப் புடவை கட்டி, பால் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தாள். ஒரு நல்ல காரியத்துக்குத் துணை இருக்கட்டும் என்று மூன்று பங்காளிகளும் ஏறிக்கொண்டார்கள்.

பெரிய ரோட்டுக்கு வந்ததும் பின்னால் ஒரு லாரி ஆரன் அடித்தது. அர்த்தநாரி நட்ட நடு ரோட்டில் வண்டியை நிறுத்தினார்.

"ஏனுங், எதுக்கு நிறுத்துனீங்க?" என்றாள் பாவாயி.

"சத்தம் கேட்டுதில்ல."

"அது லாரிக்காரன் அடிக்கறானுங்க. நம்ம வண்டிச் சத்தமா அது?"

"ஏதாச்சும் சத்தம்னுதான் பாய் சொன்னாரு," என்றார் தெய்வசிகாமணி பின்னாலிருந்து. "ஆரோட சத்தம்னு பிரிச்சுச் சொல்லல. நாமளாப் பிரிக்கறது தப்பு."

சத்தம் ஓய்ந்ததும் கிளம்பலாம் என்று முடிவாயிற்று. ஆனால் சத்தம் ஓயவில்லை. லாரிக்குப் பின்னால் பஸ் வந்தது, பஸ்ஸுக்குப் பின்னால் டிராக்டர் வந்தது. கார் நிற்கிறதே என்று அவர்கள் ஆரன் அடித்தார்கள். ஆரன் கேட்கிறதே என்று இவர்கள் நின்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. கடைசியில் பஸ் ஆட்கள் இறங்கி வந்து, காரை ஆளோடு தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தல்காரன் பந்தல் கால்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அண்ணன் பெண்டாட்டியே பாலைக் காய்ச்சி, எல்லோரும் குடித்து, விருந்தும் முடிந்து, எச்சில் இலை வெளியே போய்விட்டது. பாவாயியின் தூக்கில் இருந்த பால் தயிராகிவிட்டது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் அர்த்தநாரிக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

"நான் இங்கயே இருந்துக்கறனுங்க," என்றாள். "இனிமேட்டு அந்தப் பழைய வண்டியில நான் காலெடுத்து வெக்க மாட்டேன். புது வண்டி கொண்டாந்து கூப்புடுங்க, வர்றேன். எங்கண்ணன் கடைசி ரூமை எனக்குன்னு ஒதுக்கி வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கறான். அந்தச் சுண்ணாம்பு காயறதுக்குள்ள வந்தீங்கன்னா உண்டு. காஞ்சு போச்சுன்னா நான் பொட்டியைப் பிரிச்சு அங்கயே அடுக்கிருவேன்."

அர்த்தநாரி வீட்டுக்குத் தனியாகத் திரும்பினார். அவர் வைத்த ரசத்தை அவரே குடிக்க வேண்டியிருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். திட்டுவதற்கு ஆள் இல்லாத வீட்டில் எந்த வேலையையும் எப்படிச் செய்வது என்றே அவருக்குத் தெரியவில்லை. பாவாயி இல்லாமல் அவருக்கு நிஜமாகவே ஆகாது.

கடையில், யாரும் கயிறு வாங்க வராத நல்ல நேரமாகப் பார்த்து நாலு பேரும் உட்கார்ந்தார்கள்.

"பழசையே வெச்சு ஓட்டறதா, புதுசு வாங்கறதான்னு ஒரு முடிவுக்கு வரோணும்," என்றார் மாரப்பன்.

"புதுசு வாங்குனா நாளாவட்டத்துல அதுவும் பழசாயிரும்," என்றார் தெய்வசிகாமணி. "பழசுக்கு அந்தப் பயமே இல்ல. அது ஏற்கனவே ஆயிருச்சு."

"ஆமாங்ணா, பழசுதான் சரி," என்றார் செல்லமுத்து.

"அடிக்கடி ரிப்பேர் ஆகுதே பங்காளி," என்றார் அர்த்தநாரி.

"ரிப்பேர் ஆகறதுனாலதான் உள்ள என்னென்ன இருக்குதுன்னே நமக்குத் தெரிஞ்சுது," என்றார் மாரப்பன். "புது வண்டியில ஒண்ணும் கெடாது. அப்பறம் உள்ள இஞ்சின் இருக்குதா இல்லியான்னு எதை வெச்சு நம்பறது?"

"எனக்கு இஞ்சின்கூட வேண்டாமுங்ணா," என்றார் அர்த்தநாரி. "பாவாயி வந்தாப் போதும்."

"ஆமாங்ணா, புதுசுதான் சரி," என்றார் செல்லமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு.

முடிவு ஆனதும், முறையாக யூசுப் பாயிடமும் ஒரு வார்த்தை கேட்கப் போனார்கள். பாய்க்கு ஒரு நல்ல வாடிக்கை கைவிட்டுப் போகிற வருத்தம்.

"வாங்கறது உங்க இஷ்டம்," என்றார். "ஆனா ஒண்ணு. ஷோரூம் கேட்டைத் தாண்டுன நிமிசமே புது வண்டியோட மதிப்பு சரிஞ்சு போயிரும். அப்பறம் அது பழைய வண்டிதான். அதைப் புரிஞ்சுக்கிட்டு வாங்குங்க."

நாலு பேரும் நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

அந்த வருஷம் அர்த்தநாரியின் தோட்டத்து மஞ்சள் நல்ல விலைக்குப் போயிருந்ததால் பணத்துக்குத் தட்டில்லை. டவுன் ஷோரூமில் சிவப்பில் ஒரு கார் எடுத்தார்கள். மேனேஜர் தினகரன் மாலை போட்டு, சாவி கொடுத்து, போட்டோ எடுத்தார். நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அப்புறம் அர்த்தநாரி காரைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு, வெளியே நின்ற பழைய காரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்.

ஏதோ நல்ல நேரம் பார்க்கிறார்கள் என்று தினகரன் நினைத்துக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் நாலு பேரும் பழைய காரில் வந்து இறங்கினார்கள். வாடின எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டுப் புதுப் பழம் வைத்தார்கள். புதுக் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, பொட்டலம் பிரித்துப் பஜ்ஜி தின்றார்கள். இருட்டும் முன் இறங்கிப் பழைய காரில் போனார்கள். இப்படியே தினமும் நடந்தது.

"வண்டி எப்புடி இருக்குது?" என்று யாராவது கேட்டால் செல்லமுத்து மனதாரச் சொன்னார். "குலுக்கலே இல்லீங். சத்தமே இல்லீங். வாங்குன நாள்ல இருந்து ஒரு சொட்டுப் பெட்ரோல் குடிக்கல பாருங்."

தினகரன் ஷோரூமுக்குள் இருந்த காரைக் கண்ணாடிக் கதவு வழியாகத் தள்ளி வெளி முற்றத்தில் விட்டார். இவர்களும் முற்றத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

இதற்குள் பாவாயியிடமிருந்து ஆள் வந்தது. சுவரில் பாதிக்கு மேல் காய்ந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வரை தாங்கும், அதற்கு மேல் தாங்காது. புதுக் காரைக் கொண்டுபோனால்தான் அவள் வருவாள். கேட்டைத் தாண்டினால் அது புதுக் கார் இல்லை. பழைய காரில் அவள் ஏற மாட்டாள். எந்தப் பக்கம் போனாலும் முட்டிக்கொண்டது. சனிக்கிழமை சாயங்காலம் புதுக் காருக்குள் கூட்டம் போட்டார்கள். தினகரன் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"முன்னால ஓட்டிட்டுப் போயித் தாண்டுனா மதிப்புக் கொறையும்," என்றார் தெய்வசிகாமணி. "ரிவர்ஸ்ல போனா?"

"கூடும்," என்றார் மாரப்பன் உடனே. "கூடுன மதிப்புக்கும் சேத்துப் பணம் கட்டுன்னு இந்த மேனேஜரு நிப்பாரு. அது ஆகாது."

"மதில் மேல தூக்கி அந்தப் பக்கம் வெச்சுட்டா?" என்றார் அர்த்தநாரி. "மதிலைப் பத்திப் பாய் ஒண்ணும் சொல்லலையே."

"மதிலைத் தாண்டறது திருட்டு," என்றார் தெய்வசிகாமணி. "கேஸ் ஆயிரும்."

தினகரனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பொறுமைசாலிதான், ஆனால் அவர் சீட்டுக்கு நேர் எதிரில் தினமும் பஜ்ஜி வாசம்.

"அந்தக் கேட்டுதான உங்க பிரச்சினை?" என்று கத்தினார். "அதையும் கழட்டிட்டுப் போங்க சாமி! கழட்டிட்டுப் போயி ஒழிங்க!"

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படித்தவர் படித்தவர்தான் என்று மாரப்பன் மெதுவாகச் சொன்னார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஷோரூம் விடுமுறை. வாட்ச்மேன் சின்னக்கண்ணு மட்டும் கேட்டருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவரும் கொழுஞ்சிப்பாளையத்துக்காரர்தான், அதனால் பேச்சு சுலபமாக இருந்தது.

"இன்னிக்குக் கேட்டைத் தொறக்கக் கூடாதுன்னு உத்தரவுங்க," என்றார்.

"தொறக்க வேண்டாமுப்பா," என்றார் தெய்வசிகாமணி. "கழட்டத்தான் போறோம். உங்க மேனேஜரே சொல்லிட்டாரு."

"கழட்டறதுக்கு ஒண்ணும் தடை இல்லீங்க," என்று சின்னக்கண்ணு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். "ஆனா கேட்டை விட்டு நகரக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு இருக்குது. அது எங்க போகுதோ அங்க நானும் வருவேன்."

இரும்புக் கேட்டைக் கம்பத்தோடு கழற்றிப் பழைய காரின் கூரை மேல் ஏற்றி, கடைக் கயிற்றால் கட்டினார்கள். அதன் மேல் சின்னக்கண்ணு ஸ்டூலோடு ஏறிக்கொண்டார். பழைய காரை அர்த்தநாரி ஓட்டினார். அதன் குணம் அவருக்கு மட்டும்தான் தெரியும். பின்னால் புதுக் காரைத் தெய்வசிகாமணி ஓட்டினார். கேட் எப்போதும் முன்னால் போகும், புதுக் கார் எப்போதும் பின்னால் வரும். முந்தாத வரைக்கும் தாண்டியதாகாது. நாலு பேரும் இதைப் பலமுறை சரிபார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். ஷோரூமில் மிச்சமிருந்த புதுக் கார்களைத் தடுக்க அன்று கேட்டும் இல்லை, ஆளும் இல்லை.

மலைக்கோயில் மேட்டில் பழைய கார் நின்றுவிட்டது. தெய்வசிகாமணி முந்த முடியாது. முந்தினால் எல்லாம் போச்சு. அதனால் புதுக் காரைக் கொண்டுபோய்ப் பழைய காரின் முதுகில் முட்டி முட்டித் தள்ளினார். மேடு ஏறி முடிப்பதற்குள் புதுக் காரின் மூஞ்சி நசுங்கி, ஒரு விளக்கு உடைந்து, பானெட் வாயைப் பிளந்துகொண்டது.

"மதிப்புக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று அர்த்தநாரி பதறி இறங்கி வந்து கேட்டார்.

"எப்புடி ஆகும்? கேட்டைத் தாண்டவே இல்லையே," என்றார் தெய்வசிகாமணி. அர்த்தநாரிக்கு மூச்சு வந்தது.

அண்ணன் வீட்டு வாசலில் வண்டிகள் நின்றதும் அர்த்தநாரி யாரிடமும் பேசாமல் நேரே கடைசி ரூமுக்கு ஓடி, சுவரில் விரலை வைத்துப் பார்த்தார். ஜன்னலுக்குக் கீழே ஒரு உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் ஈரம் இருந்தது. விரலில் ஒட்டின சுண்ணாம்பைப் பாவாயியிடம் காட்டினார்.

பாவாயி வெளியே வந்து பார்த்தாள். பழைய காரைப் பார்த்தாள், மேலே கேட்டைப் பார்த்தாள், கேட்டின் மேல் சின்னக்கண்ணுவைப் பார்த்தாள், பின்னால் நசுங்கிய சிவப்புக் காரைப் பார்த்தாள்.

"இதுவா புது வண்டி?" என்றாள். "மூஞ்சியே இல்லையே."

"மூஞ்சி போனா பழசாயிருமா அம்மிணி?" என்றார் மாரப்பன். "கேட்டைத் தாண்டுனாத்தான் பழசு. கேட்டு எங்க இருக்குதுன்னு நீயே பாத்துக்க."

பாவாயி கேட்டையும் காரையும் சுற்றி வந்து பார்த்தாள். அவளும் அந்தப் பக்கத்துப் பெண்தானே. சட்டப்படி எல்லாம் சரியாகவே இருந்தது.

"இத்தனை பாடு எனக்காகவா பட்டீங்க?" என்று புருஷனிடம் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து புதுக் காரில் ஏறினாள். திரும்பி வருகிற வழியெல்லாம் அர்த்தநாரி பழைய காரின் கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். அவ்வளவு சந்தோஷமாக அவர் அந்த வண்டியை ஓட்டியதே இல்லை.

வீட்டு முன்னால் மதில் கிடையாது, வெறும் களம். பழைய கார் மறுநாள் கடைக்குப் போக வேண்டுமே என்று கேட்டை இறக்கினார்கள். களத்தின் நடுவில் இரண்டு முருங்கை மரங்களுக்கு இடையில் அதை நிறுத்திக் கட்டினார்கள். கேட்டுக்கு இந்தப் பக்கம் வீடு, அர்த்தநாரி, பழைய கார். அந்தப் பக்கம் புதுக் கார், பாவாயி. சின்னக்கண்ணு சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பாவாயி காரை விட்டு இறங்கி வந்தாள். "கேட்டைத் தொறங்க. கார்தான் தாண்டக் கூடாது. நான் தாண்டுனா என் மதிப்புக் கொறையாது."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமைங்க," என்றார் சின்னக்கண்ணு. "நாளைக்கு ஒம்பதரைக்குத்தான்."

"ஊட்டுக்காரிப்பா," என்று கெஞ்சினார் அர்த்தநாரி. "நாம்பளே கூட்டியாந்திருக்கறோம்."

"ஆரா இருந்தாலும் உத்தரவு ஒண்ணுதானுங்களே."

தெய்வசிகாமணி யோசித்துப் பார்த்துவிட்டு, இதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றார். கண்ணை மூடியிருந்த மாரப்பன் தலையசைத்தார். ஆமாங்ணா என்றார் செல்லமுத்து. அர்த்தநாரி உள்ளே போய்ச் சோறும் அவர் வைத்த ரசமும் எடுத்து வந்து, கம்பி இடுக்கு வழியாகத் தட்டை நீட்டினார். பாவாயி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, ரசத்தில் உப்பில்லை என்று கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து திட்ட ஆரம்பித்தாள். அர்த்தநாரிக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பக்கத்து வீட்டு எருமை ஒன்று மேய்ச்சல் முடிந்து களத்துக்குள் வந்தது. கேட் வரைக்கும் வந்து ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் முருங்கை மரத்தைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, அர்த்தநாரியின் பக்கத்தில் அசை போட்டபடி நின்றது.

ஐந்து ஆண்களும் அதைப் பார்த்தார்கள். பாவாயியும் பார்த்தாள்.

"பாவம், வாயில்லாத ஜீவன்," என்றார் மாரப்பன். "அதுக்குக் கேட்டுன்னா என்ன தெரியும்?"

சின்னக்கண்ணு எழுந்து போய் எருமையின் கயிற்றைப் பிடித்தார். வந்த வழியாகவே முருங்கை மரத்தைச் சுற்றி அதை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். கயிற்றைப் பாவாயியின் கையில் கொடுத்துவிட்டு, மறுபடி மரத்தைச் சுற்றி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"காலையில நேரமா எந்திரிச்சு நில்லுங்க அக்கா," என்றார். "தொறந்ததும் மொதல்ல நீங்க வாங்க. எருமை உங்களுக்கு அப்பறம்தான் வந்துச்சு."